ரொசாலியாவின் முன் இரண்டு சரைகள்

எங்கள் வீட்டில் யாருக்கும் முடிவெடுக்கத் தெரியாது என்று சொல்ல முடியாது. அம்மாவுக்குத் தெரியும். அக்காவுக்கும் தெரியும். ஒரே விஷயத்தில் இரண்டு பேரும் எதிரெதிராக முடிவெடுத்துவிடுவார்கள் என்பதுதான் பிரச்சினை. அப்பா இரண்டுக்கும் ஓம் சொல்லுவார். எனக்கு அப்போது எட்டு வயது, என்னை யாரும் எதுவும் கேட்பதில்லை. அந்தக் கோடையில் மட்டும் கேட்டார்கள், அதுவும் அக்காவின் வாழ்க்கையையே என் கையில் தூக்கிக் கொடுத்து.

அக்கா என்னைவிடப் பத்து வயது மூத்தவள். இத்தாலியின் பலெர்மோ நகரில் பிறந்து, அங்கே அல்பெர்கேரியாப் பகுதியின் ஒடுங்கிய சந்துகளில் வளர்ந்து, பதினெட்டு வயதில் இத்தாலியப் பிரஜையானவள். பள்ளிக்கூடம் முடித்த கையோடு இரண்டு இடத்துக்குப் பரீட்சை எழுதினாள். ஒன்று இங்கே கம்பஸில் பொறியியல் படிக்க. மற்றது வடக்கே இருக்கும் இராணுவ அக்கடமியில் சேர. இரண்டாவதை அம்மாவுக்குத் தெரியாமல் எழுதினாள். எழுதினால் கிடைக்கவா போகிறது என்று நினைத்து அப்பா அதற்கும் ஓம் சொல்லியிருந்தார். இரண்டும் கிடைத்துவிட்டன.

"கம்பஸ் பத்து நிமிஷ நடை. மத்தியானம் வீட்டை வந்து சோறு சாப்பிட்டிட்டுப் போகலாம்," என்றார் அம்மா. அம்மாவின் பார்வையில் ஒரு கம்பஸுக்கு இதைவிடப் பெரிய சிறப்பு இருக்க முடியாது.

"அங்கையும் அதே இஞ்சினியரிங்தான், அம்மா. அவையே படிப்பிச்சு அவையே வேலையும் தருவினம்."

"உடுப்பும் தருவினம். துவக்கும் தருவினம்."

"இது உங்கடை ஊர் ஆமி இல்லை, அம்மா."

"ஆமி எண்டால் ஆமிதான்," என்று சொல்லிவிட்டு அம்மா குசினிக்குள் போய்விட்டார். அன்று பருப்பில் உப்பு இரண்டு தரம் விழுந்திருந்தது.

அம்மா பொலிதேயாமாச் சதுக்கத்துப் பக்கம், சிஞ்ஞோரா என்று நாங்கள் அழைக்கும் ஓர் இத்தாலிய அம்மணியின் வீட்டில் வேலை செய்தார். பள்ளி விடுமுறையில் என்னையும் கூட்டிக்கொண்டு போவார். வழியில் ஓர் அரசாங்கக் கட்டடத்தின் வாசலில் பச்சை உடுப்பும் துவக்குமாக இரண்டு படையினர் எந்நேரமும் காவல் நிற்பார்கள். அந்த இடம் வருவதற்கு முன்னரே அம்மா என் கையைப் பிடித்து வீதியைக் கடந்து எதிர்ப்பக்கம் போய்விடுவார். எதிர்ப்பக்கம் முழு வெயில். ஓகஸ்ட் மாதத்து வெயில் தார்வீதியையே இளக்கும். "நிழல் அங்காலைதானே, அம்மா?" என்று ஒருநாள் கேட்டேன். "இஞ்சாலைதான் காத்து வரும்," என்றார். ஒரு காற்றும் வரவில்லை. அம்மாவுக்கு மட்டும் வருகிறதாக்கும் என்று விட்டுவிட்டேன்.

அம்மா இலங்கையில், வன்னியில் பிறந்தவர். அவருடைய தம்பியை ஆமி வீட்டுக்கே வந்து கூட்டிப்போனதும், விசாரித்துவிட்டு விடுவோம் என்று சொன்னவர்கள் கடைசிவரை விடாமலே இருந்ததும் எனக்குத் தெரியவர இன்னும் பல வருடங்கள் இருந்தன. அப்போது அந்த மாமா எனக்குச் சாமித்தட்டில் பிள்ளையாருக்குப் பக்கத்தில் இருந்த ஒரு படம் மட்டும்தான். மீசை அரும்பிய முகம், நெற்றியில் திருநீறு.

நான் முதலில் அக்கடமியின் பக்கம் நின்றேன். அக்கா போனால் எங்கள் அடுக்குக்கட்டிலின் மேல்தட்டு எனக்கு. பிறகு யோசித்துப் பார்த்தேன். வீட்டுப்பாடத்தை யார் சொல்லித் தருவது? அப்பாவுக்குத் தெரிந்த இத்தாலியன் பாஷை அவர் வேலை செய்யும் ஹோட்டல் குசினியோடு சரி. யாரோடு சண்டை பிடிப்பது? யாருடைய தலைமயிரை இழுப்பது? ஒரே நாளில் கட்சி மாறி நான் கம்பஸின் பக்கம் வந்துவிட்டேன்.

அக்கா தினமும் விடியற்காலையில் எழும்பிக் கடற்கரைப் புல்வெளியில் ஓடுவாள். ஒரு கிழமைச் சண்டைக்குப் பிறகு ஒருநாள் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தபடியே, "சரி அம்மா, நான் கம்பஸுக்கே போறன்," என்றாள். அடுத்தநாள் அவள் ஓடப் போகவில்லை. அதற்கடுத்த நாளும் போகவில்லை. சப்பாத்து கட்டிலுக்குக் கீழே கிடந்தது. சண்டையில் வென்றது அம்மாதான், ஆனால் அவருடைய முகத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. மூன்றாம் நாள் அந்தச் சப்பாத்தை வெளியே எடுத்து, பழைய பல்பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, நாடாவைத் தனியாகத் துவைத்து, பல்கணியில் காயவைத்தார். ஓடாதவளின் சப்பாத்தை எதற்குக் கழுவுகிறீர்கள் என்று யாரும் கேட்கவில்லை.

வீடு இப்படிப் பேச்சில்லாமல் கிடப்பதை அப்பாவால் தாங்க முடியவில்லை. திங்கட்கிழமைக்குள் அக்கடமிக்குப் பதில் அனுப்ப வேண்டும். "பூ வைச்சுப் பாப்பம்," என்றார். ஊரில் கலியாணமோ காணியோ இழுபறியானால் செய்கிற வேலைதான். சிவப்புப் பூவை ஒரு கடதாசிச் சரையிலும் வெள்ளைப் பூவை இன்னொரு சரையிலும் சுற்றிச் சாமிக்கு முன்னால் வைத்து, ஒன்றுமறியாத ஒரு பிள்ளையை எடுக்கச் சொல்வார்கள். எந்தப் பூ வருகிறதோ அதுதான் சாமியின் விருப்பம். "இத்தாலி அலுவலை இத்தாலிச் சாமியிட்டைக் கேக்கிறதுதான் முறை," என்று சொல்லி, பலெர்மோவைக் காக்கிற புனிதை என்று மலைக்குகையில் வைத்துக் கும்பிடும் சாந்தா ரொசாலியாவிடம் அப்பா வழக்கை ஒப்படைத்தார். அது ஒன்றும் புதினமில்லை. எங்கள் ஆட்களில் அந்த மலைக்கு ஏறாதவர்கள் குறைவு.

அம்மா சிரிப்பார் என்று நினைத்தேன். "சரி. பூவை நான் கட்டுறன்," என்றார்.

வெள்ளை என்றால் கம்பஸ், சிவப்பு என்றால் அக்கடமி. எங்கள் பல்கணியில் ஒரு மல்லிகையும் ஒரு செவ்வரத்தையும் தொட்டியில் நின்றன. ஒன்றுமறியாத பிள்ளையாகிய நான் அந்த நிமிடமே திட்டம் போட்டுவிட்டேன். செவ்வரத்தைக்கு வாசமில்லை. மல்லிகையை எத்தனை கடதாசியில் சுற்றினாலும் மூக்குக்குத் தெரிந்துவிடும். விழுந்து கும்பிடுகிற சாட்டில் முகர்ந்து பார்த்தால் போதும், அக்கா வீட்டிலேயே இருப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை மலையேறினோம். குகைக்குள் குளிர்ந்தது, பாறையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அம்மா கைப்பையிலிருந்து இரண்டு சரைகளை எடுத்து, ரொசாலியாவின் சிலையைச் சுற்றியிருந்த கம்பிக்கு முன்னால் தரையில் வைத்தார். சூப்பர்மார்க்கெட் மலிவு விற்பனைத் தாளில் சுற்றியிருந்தார். ஒன்றில் கோழிக்கால் படம், மற்றதில் சலவைத்தூள் படம். நான் விழுந்து கும்பிட்டேன். கோழிக்கால் பக்கம் மூக்கை வைத்தேன். ஒன்றுமில்லை. சலவைத்தூள் பக்கம் வைத்தேன். அங்கேயும் ஒன்றுமில்லை, மெழுகுதிரிப் புகைதான் மணத்தது. ஈரக் குகையில் எனக்குத் தடிமன் பிடித்து மூக்கடைத்துவிட்டதென்று பயந்துபோனேன். பின்னால் ஒரு கிழவி கும்பிட இடம் பார்த்துக்கொண்டு நின்றார். "எடு பிள்ளை, கனநேரம் கும்பிடாதை," என்றார் அப்பா. கண்ணை மூடிக் கோழிக்காலை எடுத்தேன்.

செவ்வரத்தை.

அக்கா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அம்மா மற்றச் சரையைச் சட்டென்று எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, "சாமி சொன்னால் நான் என்ன செய்யிறது? போ, போய்ப் படி," என்றார். நான் ஓவென்று அழுதேன். பிள்ளைக்குப் பக்தி முற்றிவிட்டது என்று அப்பா பெருமைப்பட்டார்.

இறங்கும்போது அக்கா அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் துள்ளிப் போனாள். பாதிவழியில் அம்மா ஒரு கல்லில் உட்கார்ந்து, பைக்குள் இருக்கும் தண்ணீர்ப் போத்தலை எடுத்துத் தரச் சொன்னார். போத்தலுக்குப் பக்கத்தில் சலவைத்தூள் சரை இருந்தது. என் மூக்கு ஏன் என்னைக் கைவிட்டது என்று பார்க்க, அம்மா காணாமல் அதைப் பிரித்தேன். உள்ளே இன்னொரு செவ்வரத்தை.

அம்மா பிழைவிட்டுவிட்டார்! பருப்புக்கு இரண்டு தரம் உப்புப் போட்டதுபோலத்தான் இதுவும் என்று நினைத்தேன். சொன்னால் அக்கா வீட்டில் இருப்பாள்தான். ஆனால் அப்பா மறுபடியும் பூ வைக்கவேண்டும் என்பார், மறுபடியும் மலையேறவேண்டும், எல்லோருக்கும் முன்னால் அம்மாவுக்கு வெட்கக்கேடு. முன்னால் அக்காவின் சிரிப்புச் சத்தம் வேறு கேட்டுக்கொண்டிருந்தது. சரையை நாகதாளிக் கள்ளிப் பற்றைக்குள் எறிந்துவிட்டேன். அம்மாவின் மானத்தை நான்தான் காப்பாற்றினேன் என்ற பெருமை எனக்குப் பல வருடம் இருந்தது. அக்கா இன்று பாலம் கட்டுகிற பிரிவில் அதிகாரி. லீவில் வாசலுக்கு வந்தால், "உடுப்பை மாத்திப்போட்டு வந்து சாப்பிடு," என்பதுதான் அம்மாவின் முதல் வார்த்தை.

அன்று மாலை மலையிலிருந்து திரும்பி, பொலிதேயாமாவில் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு நடந்தோம். அந்த அரசாங்கக் கட்டடம் வந்தது. படையினர் நின்றார்கள். நான் வழக்கம்போல வீதியைக் கடக்கத் திரும்பினேன். அம்மா திரும்பவில்லை. என் விரல்கள் நோகும்படி கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நேரே நடந்தார். வாசலடியில் ஒரு கணம் நின்று, இரண்டு பேரில் இளையவனின் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். அவனுக்கு அப்போதுதான் மீசை அரும்பியிருந்தது. "புவோனசேரா, சிஞ்ஞோரா," என்று மாலை வணக்கம் சொன்னான் அவன். "புவோனசேரா," என்றார் அம்மா.

இன்றைக்குக் காற்று இந்தப் பக்கம்தான் வீசுகிறதாக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.