கர்ப்பப்பை ஆபரேஷனுக்கு வேலூர்: நான் போன சுற்றுவழி

ஆம்பூரிலிருந்து வேலூருக்குப் போக யாருக்கும் வழிகாட்டி தேவையில்லை. பஸ் ஸ்டாண்டில் போய் நின்றால் வண்டிக்கு மேல் வண்டி. நெடுஞ்சாலையில் சுமார் ஐம்பது கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம். நானோ பேரணாம்பட்டு, குடியாத்தம், காட்பாடி என்று மூன்று பஸ் மாறி, அரை நாளை வீணாக்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். கூகுளில் தேடி இந்தப் பக்கம் வந்தவர்கள் தயவுசெய்து அப்படிப் போகாதீர்கள். ஏன் போனேன் என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

2007, காலாண்டு விடுமுறை. எனக்கு நாற்பத்திரண்டு வயது, கல்யாணம் ஆகவில்லை, ஆம்பூரில் பள்ளிக்கூட டீச்சர். கர்ப்பப்பையில் கட்டி. மாதத்தில் பாதி நாள் உதிரப்போக்கு. கரும்பலகையில் எழுதக் கை தூக்கினால் கண் இருட்டும். கர்ப்பப்பையையே எடுத்துவிடுவதுதான் நல்லது என்று வேலூர் ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். முதல் தடவை போனபோது, சின்னப் பெண்ணாக இருந்த ஒரு டாக்டர் “எத்தனை குழந்தைங்க?” என்று கேட்டு, “மிஸஸ் இல்ல, மிஸ்” என்று நான் சொன்னதும் குரலைத் தாழ்த்திக்கொண்டார். அவர் தாழ்த்தியதுதான் எனக்கு அதிக அவமானமாக இருந்தது.

கட்டி எதனால் வருகிறது என்று படித்தவள்தான் நான். ஆனாலும் கல்யாணம் ஆகாதவளுக்குக் கர்ப்பப்பையை எடுக்கிறார்கள் என்றால் ஊர் என்ன கதை கட்டும் என்ற பயம் என்னைத் தின்றது. அதைவிடப் பெரிய பயம் எங்கள் சர்ச்சின் பெண்கள் ஐக்கியம். அங்கே வியாழக்கிழமைதோறும் ஜெபக்குறிப்பு வாசிப்பார்கள். வாசிப்பவர் செயலாளர் சுகிர்தம் அக்கா. இன்னாருக்கு மூலம், இன்னாருக்குச் சர்க்கரை, இன்னார் மருமகளுக்கு இரண்டு மாதமாகத் தள்ளிப்போகிறது என்று பேரோடு, வியாதியோடு, கணீரென்று வாசிப்பார். மனசில் கள்ளம் கிடையாது. விவரமாகச் சொன்னால்தான் விவரமாக ஜெபிக்க முடியும் என்பது அவர் கட்சி. அந்தக் குரலில் என் கர்ப்பப்பையை நினைத்துப் பார்த்தேன். ஏலகிரிக்கு ஓய்வெடுக்கப் போவதாக எல்லோரிடமும் சொல்லிவிட்டேன்.

வேலூர் வண்டியில் ஏறினால் ஆம்பூர் ஆள் ஒருவராவது இருப்பார். அதனால்தான் பேரணாம்பட்டு வழி. காலை ஏழு மணிக்குக் கிளம்பினேன். அன்றைக்கு மயக்க மருந்து டாக்டர் பார்க்க வேண்டும், ரத்தம், ஈசிஜி எல்லாம் எடுக்க வேண்டும், அதெல்லாம் சரியாக இருந்தால் தேதி கொடுப்பார்கள். கூடவே ஒரு நிபந்தனை: ஆஸ்பத்திரியில் தங்கப் போகும் பெண் துணை அன்றைக்கே கூட வர வேண்டும். துணை இல்லாவிட்டால் தேதி தள்ளிப்போகும். தள்ளிப்போனால் பள்ளிக்கூடம் திறந்துவிடும், அப்புறம் அரைப் பரீட்சை விடுமுறைதான். அதுவரை என் உடம்பில் ரத்தம் மிச்சம் இருக்குமா என்பது சந்தேகம். தம்பி மனைவி பெங்களூரிலிருந்து வருவாள் என்று பொய் சொல்லிச் சமாளிப்பதாகத் திட்டம். அவளுக்கு விஷயமே தெரியாது.

பேரணாம்பட்டு வரை ஒன்றுமில்லை. தோல் பதனிடும் ஷாப்புகளின் வாடை ஜன்னல் வழியாக வந்தது. எங்களுக்கு அது காற்று மாதிரி. அங்கிருந்து குடியாத்தம் வண்டி. பின் சீட்டுதான் கிடைத்தது. ரோடு குண்டும் குழியுமாக இருந்தது, வண்டி தூக்கித் தூக்கிப் போட்டது. பாதி வழியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. இரண்டு பஞ்சு வைத்திருந்தும் தாங்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகிறோமே, பளிச்சென்று போவோம் என்று சந்தன நிறச் சேலை வேறு கட்டியிருந்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

குடியாத்தத்தில் எல்லோரும் இறங்கினார்கள். நான் எழவில்லை.

“இன்னாம்மா, இறங்கலயா? வண்டி திரும்பப் போவுது” என்று கண்டக்டர் முன்னாலிருந்து கத்தினார். ஒன்பதாம் வகுப்பை ஒரு பார்வையில் அடக்குகிறவள், ரெக்சின் சீட்டில் ஒட்டிக்கொண்டு அழுதேன்.

பக்கத்தில் உட்கார்ந்து வந்த பெண் இறங்காமல் நின்றாள். புர்கா அணிந்திருந்தாள், முப்பது வயதிருக்கும். குனிந்து மெதுவாகக் கேட்டாள்: “ஜாஸ்தியா போவுதாக்கா?”

தலையை ஆட்டினேன்.

அவள் கண்டக்டரைத் திரும்பிப் பார்த்து, “பொம்பளைங்க பேசினு இருக்கோம், நீ போய் டீ குடிச்சிட்டு வா பா” என்றாள். அந்த மனிதர் ஏதோ புரிந்தவர் போல இறங்கிப் போய்விட்டார். அவள் பேர் ஷாஹிதா, பேரணாம்பட்டில் தையல்காரி. தங்கைக்குப் புதிதாகத் தைத்த புர்கா ஒன்று அவள் பையில் இருந்தது. அதை உதறி என் தலைவழியாகப் போட்டுவிட்டாள். தண்ணீர் பாட்டிலைச் சாய்த்து, பேப்பரால் சீட்டை அவளே துடைத்தாள். நான் தடுத்தேன், கேட்கவில்லை. “தொவச்சி குடுத்தா போதும்க்கா. பேஜார் ஆவாதீங்க” என்றாள். பஸ் ஸ்டாண்டு கழிவறை வாசலில் காவல் நின்று, நான் பஞ்சு மாற்றியதும் வேலூர் வண்டியில் ஏற்றிவிட்டுத்தான் போனாள். எதற்காகப் போகிறேன் என்று கடைசிவரை கேட்கவே இல்லை.

காட்பாடி தாண்டும்போது முகத்திரையையும் இழுத்து விட்டுக்கொண்டேன். உண்மையைச் சொல்கிறேன், கறைக்காக மட்டும் இல்லை. இனி யாருக்கும் என்னைத் தெரியாது என்று மனசு துள்ளியது. அடுத்த நிமிடமே அதற்கும் வெட்கப்பட்டேன். ஒருத்தி மானத்தோடு உடுத்துகிற துணியை நான் ஒளிந்துகொள்ள வாங்கிக்கொண்டு போகிறேனே என்று.

ஆஸ்பத்திரியில் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தேன், ஈசிஜி எடுத்தேன், பெண்கள் பிரிவு ஹாலில் போய் உட்கார்ந்தேன். பக்கத்து நாற்காலியில் சுகிர்தம் அக்கா.

மகளைப் பிரசவத்துக்கு முந்தின ஸ்கேனுக்குக் கூட்டி வந்திருந்தார். மகள் உள்ளே. இவருக்குப் பேச்சுத் துணை வேண்டும். “எந்த ஊரும்மா நீங்க?” என்றார். குரலைக் காட்டினால் தொலைந்தேன். கையை எங்கோ காட்டினேன். பாவம், தமிழ் தெரியாது போல என்று பிஸ்கட் பாக்கெட்டை நீட்டினார். திரையோடு எப்படித் தின்பது? கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். பிஸ்கட் வியர்வையில் ஊறிப்போனது.

அப்போது நர்ஸ் வந்து என் பேரைக் கூப்பிட்டார். முழுப் பேர், அப்பா பேரோடு. நான் அசையவில்லை. இரண்டாம் தடவை கூப்பிட்டார். “அட, எங்க சர்ச் டீச்சர் பேராச்சே” என்று சுகிர்தம் அக்கா எழுந்து ஹால் முழுக்கத் தேட ஆரம்பித்துவிட்டார். நர்ஸ் அடுத்த பேருக்குப் போகப் போனார்.

திரையைத் தூக்கினேன். “நான்தான் சிஸ்டர்.”

அந்த நிமிடத்து அவமானத்தை எழுத எனக்கு வார்த்தை வரவில்லை. அக்கா வாயைத் திறந்தவர் மூடவே இல்லை.

நர்ஸ் கேட்டார்: “துணைக்கு யாரு வந்திருக்காங்க?”

தயாராக வைத்திருந்த பொய் தொண்டை வரை வந்தது. தம்பி மனைவி இல்லை, பெங்களூர் இல்லை, யாருமே இல்லை. திரும்பி அக்காவைப் பார்த்தேன். “அக்கா, எனக்குக் கர்ப்பப்பை எடுக்கணும். கூட இருக்க ஆள் இல்ல. இருப்பீங்களா?” என்றேன். மெதுவாகச் சொல்ல நினைத்தது, ஹாலுக்கே கேட்டது.

“நான்தான் துணை. எழுதிக்கோம்மா” என்று நர்ஸிடம் சொல்லிவிட்டு, என் பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். தேதி கிடைத்தது.

திரும்பிய கதைக்கு முன்னால், போகிறவர்களுக்கு: நேர் வண்டியில் போங்கள், முன் சீட்டில் உட்காருங்கள். அடர்ந்த நிறச் சேலை கட்டுங்கள், மாற்றுச் சேலை ஒன்று பையில் இருக்கட்டும். இரும்புச்சத்து மாத்திரையை டாக்டர் சொன்னபடி தவறாமல் சாப்பிடுங்கள். வீட்டிலோ வெளியிலோ ஒரு பெண்ணிடமாவது முன்கூட்டியே சொல்லுங்கள். புர்காவைத் துவைத்துக்கொண்டு போய்க் கொடுத்தபோது ஷாஹிதாவும் இதைத்தான் சொன்னாள்.

அன்றைக்குத் திரும்பும்போது அக்காவோடும் அவர் மகளோடும் நெடுஞ்சாலை வண்டி. மகள் முன் சீட்டில் தூங்கிவிட்டாள். பள்ளிகொண்டா தாண்டும் வரை அக்கா பேசவில்லை. அவர் பேசாமல் வந்து நான் பார்த்ததில்லை. வியாழக்கிழமை வாசித்துவிடுவாரோ என்ற பயம் எனக்கு இன்னும் போகவில்லை. கேட்டேவிட்டேன்.

“சர்ச்ல சொல்லிடுவீங்களாக்கா?”

“மூணு வருசம் முன்னாடி நான் ஆஸ்பத்திரில இருந்தேனே, எதுக்குன்னு சொன்னேன்?”

“கிட்னில கல்லுன்னு.”

“கல்லும் இல்ல, மண்ணும் இல்ல. இதேதான்.” ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார். “நீங்கதான் எழுந்து நின்னு, கல்லு கரையணும்னு கண்ணீரோட ஜெபிச்சீங்க. ஒரு மாசம் வாழைத்தண்டு ஜூஸ் வேற கொண்டாந்தீங்க. ஒவ்வொரு நாளும் சொல்லிடலாம்னுதான் பார்த்தேன். முடியல. ஒங்க முன்னாடிதான் டீச்சர், எனக்கு ரொம்ப வெட்கமா இருந்துச்சி.”