எங்கள் வேக்குவம் கிளீனருக்கு மூச்சு முட்டியது

என் மனைவிக்கு வீசிங் வந்த வருடம்தான் எங்கள் வீட்டுக்கு வேக்குவம் கிளீனரும் வந்தது. சேலத்தில் பார்த்த டாக்டர் சொன்னார்: "ஏற்காட்டுக் காத்து ரொம்ப நல்லதும்மா. உங்க வீட்டுக்குள்ள இருக்கற காத்துதான் சரியில்ல." எங்கள் வீட்டில் மழைக்காலம் முழுக்கச் சுவரோரம் பூஞ்சை பூக்கும். சில்வர் ஓக் சருகு ஜன்னல் வழியாக வந்து கட்டில் வரை போகும். துடைப்பத்தால் கூட்டினால் தூசி எழும்பி, அரைமணி நேரத்தில் பழைய இடத்திலேயே வந்து உட்காரும். நடுவில் கொஞ்ச நேரம் என் மனைவியின் நெஞ்சுக்குள் போய்விட்டு வரும். "கூட்டக் கூடாது, உறிஞ்சணும்" என்பது டாக்டர் உத்தரவு.

பெங்களூரில் இருக்கும் மகள் அன்றைக்கே ஆர்டர் போட்டாள். டெலிவரி வேன் எங்கள் சரிவில் ஏறாது என்று சொல்லிவிட்டதால், அவர்கள் பஸ் ஸ்டாண்டு கடையில் இறக்கிவிட்டுப் போன பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வந்து சேர்ந்தேன். சக்கரம் வைத்த உருளையான உடம்பு, யானைத் தும்பிக்கை மாதிரி நீளமான ஹோஸ், தூசி சேர ஒரு கண்ணாடி டப்பா, அதற்குள் பஞ்சு ஃபில்டர். கூடவே ஆறு மொழிகளில் ஒரு கையேடு. கையேட்டை நான் திறக்கவில்லை. முப்பத்தொரு வருடம் அரசுப் பள்ளியில் இயற்பியல் எடுத்து ஓய்வு பெற்றவன், ஒரு துடைப்பத்துக்குக் கையேடு படிப்பதா?

அதற்குப் பதிலாகப் பாடம் எடுத்தேன். மனைவியையும், தினமும் காலையில் இரண்டு மணி நேரம் வீட்டு வேலைக்கு வரும் அம்மாவையும் உட்கார வைத்தேன். அந்த அம்மா பக்கத்து எஸ்டேட்டின் தொழிலாளர் லைன் வீட்டில் குடியிருப்பவர். காப்பிப் பழம் பறிக்கும் சீசனில் மட்டும் எங்களுக்கு லீவு போட்டுவிடுவார். "உறிஞ்சுவது என்று உலகத்தில் ஒன்றுமே கிடையாது. உள்ளே அழுத்தம் குறைகிறது, வெளியே இருக்கும் காற்று தூசியை உள்ளே தள்ளுகிறது. எல்லா வேலையும் காற்றுதான் செய்கிறது" என்றேன்.

"அப்ப இந்த மிசினு என்னத்துக்குங்க சார்?" என்று கேட்டார் அந்த அம்மா.

முப்பத்தொரு வருடத்தில் எந்த மாணவனும் கேட்காத கேள்வி. பதிலுக்குச் சுவிட்சைப் போட்டேன். போட்ட சத்தத்தில் கொய்யா மரத்துக் குரங்குகள் இறங்கி ஓடின. அன்று வீடு சுத்தமானது. நான் காரணம் என்பது போல எல்லோரையும் பார்த்துக்கொண்டேன்.

இரண்டு மாதம் போனது. ஒரு நாள் ஹாலைப் பாதி சுத்தம் செய்துகொண்டிருக்கும்போதே இயந்திரம் தானாக நின்றுவிட்டது. "வோல்டேஜ்" என்றேன். மலையில் எது நின்றாலும் வோல்டேஜ் என்று சொன்னால் யாரும் மறுத்துப் பேச மாட்டார்கள். பழைய ஃபிரிட்ஜுக்கு வைத்திருந்த ஸ்டெபிலைசரைத் தேடி எடுத்துத் துடைத்து மாட்ட ஒரு மணி நேரம் ஆயிற்று. மாட்டியதும் ஓடியது. என் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

மறுநாள் கால் மணி நேரத்தில் மறுபடி நின்றது. ஸ்டெபிலைசரைத் தட்டிவிட்டுக் காத்திருந்தோம். ஒரு மணி நேரம் கழித்து ஓடியது. அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. கால் மணி நேரம் வேலை, ஒரு மணி நேரம் இடைவேளை. அரசுப் பணியில் இருந்தவன் என்பதால் எனக்கு இது ஒன்றும் வித்தியாசமாகத் தெரியவில்லை.

என் மனைவிக்குத் தெரிந்தது. ஸ்டெபிலைசர் ஆடாமல் நிற்க அடியில் கொடுத்திருந்த கையேட்டை உருவி எடுத்துப் படித்தாள்.

"ஏனுங்க, மிசினு தானா நின்னா, சூடாயிருச்சுன்னு அர்த்தமாம். காத்துப் போற வழி எங்கியோ அடைச்சிருக்கும், ஃபில்டரைக் கழுவிப் பாருங்கன்னு போட்டிருக்குது. வோல்டேஜுன்னு ஒரு வரி கூட இல்லீங்களே?"

"அது பொதுவா எல்லா ஊருக்கும் எழுதினது. ஏற்காட்டுக்கு எழுதினது இல்ல" என்றேன். ஆனாலும் ஃபில்டரைக் கழுவினேன். சேறு சேறாக வந்தது. கையேட்டில் ஒரு நாள் முழுக்க நிழலில் காய வைக்கச் சொல்லியிருந்தது. அதை எழுதியவர் ஜூலை மாதத்தில் எங்கள் ஊருக்கு வந்ததில்லை. ஒரு நாள் அல்ல, மூன்று நாள் கழித்துப் பார்த்தேன், கழுவியபோது இருந்ததைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே ஈரமாக இருந்தது. மூடுபனி ஜன்னல் வழியாக வந்து அதையும் நனைத்துவிட்டுப் போயிருந்தது. பொறுமை போய், அடுப்பில் தோசைக்கல்லைச் சூடாக்கி அதன் மேல் வைத்தேன். ஒரு ஓரம் உருகி மொறுமொறுவென்று ஆனது. மீதி ஈரமாகவே இருந்தது. அப்படியே எடுத்து மாட்டினேன்.

அதன் பிறகு இயந்திரம் ஓடும்போதெல்லாம், நனைந்த நாய் ஒன்று அறை அறையாக நடந்து போவது போல நாற்றம் வந்தது. அது நாற்றத்தோடு நிற்கவில்லை. பூஞ்சையெல்லாம் ஈரப் பஞ்சில் வளர்ந்து காற்றோடு வெளியே வந்திருக்க வேண்டும். என் மனைவி இரண்டு நாள் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்தபடியேதான் தூங்கினாள். அவள் மூச்சு வாங்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு பக்கத்தில் இருந்தேன். எதையும் விளக்கத் தோன்றவில்லை. தோசைக்கல் விஷயத்தை அவள் ஒருமுறைகூடச் சொல்லிக் காட்டவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

புது ஃபில்டர் வரவழைத்தேன். நாற்றம் போனது. ஆனால் இழுவை வரவில்லை. தரையில் கிடந்த ஒரு சருகின் மேல் மூன்று முறை ஓட்டினேன். சருகு அசையவில்லை. கடைசியில் குனிந்து கையால் எடுத்து ஹோஸின் வாயில் வைத்தேன். கீழே விழுந்தது.

கம்பெனிக்குப் போன் போட்டேன். என் அழைப்பு அவர்களுக்கு எவ்வளவு முக்கியம் என்று ஒரு பாட்டோடு பலமுறை சொன்ன பிறகு, ஒரு பெண் பேசினார்.

"ப்ளக் சொருகியிருக்கீங்களா சார்?"

"அம்மா, நான் முப்பத்தொரு வருஷம் பிசிக்ஸ் எடுத்தவன்."

"சரிங்க சார். ப்ளக் சொருகியிருக்கீங்களா?"

"சொருகியிருக்கு."

"தூசி டப்பாவைக் காலி பண்ணீங்களா?"

"பண்ணியாச்சு."

"ஹோஸைக் கழட்டி, உள்ள அடைப்பு இருக்கான்னு பாத்தீங்களா சார்?"

"பாத்தாச்சு" என்றேன். பார்க்கவில்லை. இரண்டு பக்கமும் திறந்த ஒரு குழாயில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

நான்காம் நாள் சேலத்திலிருந்து மெக்கானிக் வந்தார். முப்பது வயதிருக்கும். பஸ்ஸில் இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்ததில் கேட்டைப் பிடித்துக்கொண்டு கையால் வாயைப் பொத்தி நின்றார். என் மனைவி எலுமிச்சம்பழத்தை அறுத்துக் கொடுத்து சோஃபாவில் படுக்க வைத்தாள். பழுது பார்க்க வந்தவரைப் பழுது பார்க்கவே முக்கால் மணி நேரம் ஆனது. அந்த நேரத்தை வீணாக்க வேண்டாம் என்று நான் அழுத்த வேறுபாட்டைப் பற்றி அவருக்கு விளக்கினேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

பிறகு எழுந்து, இயந்திரத்தை ஒரு நிமிடம் ஓட விட்டு, காதைச் சாய்த்துக் கேட்டார்.

"மோட்டாரு போயிருச்சுங்க சார். கீழ எடுத்துட்டுப் போவோணும். ஒரு மாசம் ஆகுமுங்க."

எனக்கு ஏற்பட்ட நிம்மதியைச் சொல்ல முடியாது. மோட்டார் என்பது கௌரவமான வியாதி. அதில் தோசைக்கல்லுக்குப் பங்கில்லை. "நான் அப்பவே நினைச்சேன்" என்றேன்.

ஜன்னலைத் துடைத்துக்கொண்டிருந்த வேலைக்கார அம்மா திரும்பினார். "ஏனுங்க, மோட்டாரு போயிருந்தா இத்தனை சத்தம் போடுமுங்களா? எங்க எஸ்டேட்ல காப்பிப் பழம் அரைக்கற எடத்துல தண்ணி வரலீன்னா, மொதல்ல பைப்பைத்தானுங்க கழட்டிப் பாப்பாங்க."

சொல்லிக்கொண்டே வந்து ஹோஸைப் பிடுங்கிவிட்டுச் சுவிட்சைப் போட்டார். இயந்திரத்தின் ஓட்டையில் உள்ளங்கையை வைத்தார். 'சப்'பென்று ஒட்டிக்கொண்டது. "யம்மோவ், புடிச்சு இழுக்குதுங்க!" என்று சிரித்தார். மெக்கானிக் ஹோஸை வாங்கி, நேராக நீட்டி ஜன்னல் வெளிச்சத்தில் கண்ணை வைத்துப் பார்த்தார்.

"மறுபக்கம் வெளிச்சமே தெரியலீங்களே. உள்ள என்னமோ கெட்டியா உக்காந்திருக்குது. செவப்பா மினுங்குதுங்க."

சிவப்பாக மினுங்குகிறது என்றதும் எனக்குப் புரிந்துவிட்டது. "விடுங்க தம்பி, மோட்டார்தான். சேலத்துக்கே எடுத்துட்டுப் போயிருங்க" என்றேன். என் குரல் எனக்கே சரியாகப் படவில்லை.

எனக்குச் சர்க்கரை வந்து ஆறு வருடம் ஆகிறது. தினமும் சாயங்காலம் டாக்டர் சொன்னபடி ஏரி வரை நடக்கிறேன். ஏரிக்கரைக் கடைகளில் ஹோம்மேட் சாக்லேட் விற்கிறார்கள். ஊர்க்காரர்கள் யாரும் வாங்குவதில்லை, சுற்றுலா வருகிறவர்களுக்கானது அது. நான் மட்டும் மாஸ்க்கும் தொப்பியும் போட்டுக்கொண்டு, சென்னையிலிருந்து வந்தவன் மாதிரி விலை விசாரித்து வாங்குவேன். வீட்டுக்கு வந்து, மனைவி சமையலறையில் இருக்கும்போது சோஃபாவின் மூலையில் உட்கார்ந்து தின்பேன். மினுங்கும் காகிதத்தை மெத்தையின் இடுக்கில் சொருகிவிடுவேன். வேக்குவம் கிளீனர் வந்த பிறகு, சோஃபாவை மட்டும் நானே சுத்தம் செய்கிறேன் என்று முன்வந்தேன். வீட்டு வேலையில் நான் காட்டிய அந்த அக்கறையை என் மனைவி மகளிடம் போனில் பெருமையாகச் சொன்னாள். காகிதங்கள் டப்பாவில் வந்து விழாததைப் பார்த்து, இயந்திரம் ஜீரணம் செய்துவிட்டது என்று நினைத்திருந்தேன். இயற்பியல் ஆசிரியர் என்றேன் அல்லவா.

மெக்கானிக் மாப் கட்டையை ஹோஸுக்குள் விட்டு மெதுவாகத் தள்ளினார். முதலில் சருகு வந்தது. அப்புறம் முடியும் தூசியும் சேர்ந்த ஒரு கட்டி. அப்புறம் சிவப்பு, தங்கம், பச்சை, நீலம் என்று கசங்கிய காகிதங்கள் என் மனைவியின் காலடியில் கொட்டின. கொட்டிக்கொண்டே இருந்தன.

நிலைமை தெரியாத மெக்கானிக் கேட்டார்: "ஊட்ல கொழந்தைங்க இருக்காங்களாம்மா?"

"இருக்குது தம்பி. ஒண்ணே ஒண்ணு. அறுபத்திரண்டு வயசாவுது" என்றாள் என் மனைவி.

வேலைக்கார அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சமையலறைப் பக்கம் போனார். அங்கிருந்து ஒரு பாத்திரம் விழும் சத்தம் கேட்டது.

என் மனைவி குனிந்து ஒரு தங்க நிறக் காகிதத்தை எடுத்து, விரலால் நீவி நேராக்கினாள். அவளுக்குக் கோபம் இருந்திருந்தால் எனக்குச் சமாளிக்கத் தெரிந்திருக்கும். "ஏனுங்க, நான் மூச்சு வாங்கிட்டுக் கெடந்த அந்த ரெண்டு நாளும் இதைத் தின்னீங்களா?" என்று மட்டும் கேட்டாள். தின்றிருந்தேன். அந்த இரண்டு நாளும் வழக்கத்தைவிட அதிகமாகவே. பயத்தில் கை தானாக அங்கே போனது. ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

மெக்கானிக் பழுது விவரம் எழுதும் தாளை எடுத்தார். 'காரணம்' என்ற கட்டத்தில் பேனாவை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார்.

"சாக்லேட்டுன்னே எழுதுங்க தம்பி" என்றாள்.

அவர் 'சாக்கிலேட்டு' என்று எழுதினார். அந்த நிலைமையிலும் நான் பேனாவை வாங்கி எழுத்துப்பிழையைத் திருத்தி, கீழே கையெழுத்துப் போட்டேன்.

மறுநாளே என்னை ரத்தப் பரிசோதனைக்கு இழுத்துப் போனாள். முடிவைப் பார்த்த டாக்டர் மாத்திரையைக் கூட்டினார். இப்போது சாயங்காலம் அவளும் என்னோடு நடக்க வருகிறாள். ஏரிப் பக்கம் போவதில்லை, கரடியூர் ரோட்டில் போகிறோம். ஏற்றத்தில் அவள் நின்று மூச்சு விட்டுக்கொள்வாள், நானும் நிற்பேன். முன்பெல்லாம் இந்த அளவு நாங்கள் பேசிக்கொண்டதில்லை. அடைப்பு எடுத்த பிறகு இயந்திரம் ஒருமுறைகூடச் சூடாகி நிற்கவில்லை. ஃபில்டர் இரண்டாக வைத்திருக்கிறோம். ஒன்று ஓடும்போது இன்னொன்று அதன் இஷ்டத்துக்கு ஒரு வாரம் காயும். அவளுக்கு இந்த மழைக்காலத்தில் வீசிங் இரண்டே தடவைதான் வந்தது. சோஃபாவை இப்போது வேலைக்கார அம்மாதான் சுத்தம் செய்கிறார். இடுக்குகளில் அவர் காட்டும் ஆர்வம் கொஞ்சம் அதிகம் என்று எனக்குப் படுகிறது.

போன மாதம் அந்த மெக்கானிக் போன் செய்தார். "சார், உங்க மலையிலயே மாரமங்கலத்துல ஒரு ஊட்ல மிசினு இழுக்க மாட்டேங்குதாமுங்க. மறுபடி மலை ஏறதுக்கு எனக்குத் தெம்பில்லீங்க. நீங்க பஸ்ஸேறிப் போயி அந்த ஹோஸை மட்டும் கழட்டிப் பாத்துட்டுச் சொல்றீங்களா?"

போனேன். புருஷன், பெண்டாட்டி இருவரும் வாசலிலேயே நின்றிருந்தார்கள். எதையும் விளக்காமல் ஹோஸைக் கழற்றினேன். வெளிச்சத்தில் பிடித்தேன். உள்ளே கறுப்பாக ஏதோ இருந்தது. மாப் கட்டையைக் கேட்டு வாங்கிக்கொண்டு, அந்த மனிதரைத் தனியாக ஒரு ஓரம் அழைத்துப் போனேன்.

"உருவறதுக்கு முன்னால கேக்கறேன். ஏதாச்சும் சொல்ல வேண்டியது இருந்தா இப்பவே சொல்லிருங்க."

அவர் ஒருமுறை பெண்டாட்டி பக்கம் திரும்பிப் பார்த்தார். நெற்றி வேர்த்திருந்தது. "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க" என்றார்.

தள்ளினேன். ஒரு கறுப்பு சாக்ஸ் வந்து விழுந்தது. அவர் விட்ட பெருமூச்சில் அவர் பெண்டாட்டியே திரும்பிப் பார்த்தார். வேறு என்ன வரும் என்று எதிர்பார்த்தார் என்று நான் கேட்கவில்லை. கிளம்பும்போது, கீழே சௌசௌ என்று சொல்லும் மேரக்காயைப் பை நிறையக் கொடுத்தார்கள். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.