பவுனம்மாள் எழுதும் நம்பர்

வலது கைப் பெருவிரலைக் கைலியில் இரண்டு தடவை துடைத்துவிட்டு, ஸ்பார்க் பிளக் கழற்றிய துளையின் மேல் வைத்து அழுத்துகிறார் பவுனம்மாள். இடது கையில் நீளமான ஸ்பேனர். அதை இஞ்சினின் முன்பக்கத்து நட்டில் மாட்டி மெதுவாக இழுக்கிறார். உள்ளே பிஸ்டன் ஏறுகிறது, காற்று விரலைத் தள்ளுகிறது, அவர் விட்டுக்கொடுக்காமல் அழுத்துகிறார். கடைசியில் 'புஸ்ஸ்' என்று விரலை மீறிக்கொண்டு காற்று வெளியே வருகிறது. அந்த ஒரு நொடி கண்ணை மூடிக்கொள்கிறார். அடுத்த துளை, அதற்கடுத்தது. நான்கும் முடிந்ததும் காதில் செருகியிருக்கும் சாக்பீஸை எடுத்து, கழுவித் துடைத்த இஞ்சினின் பக்கவாட்டில் நான்கு எண்களை எழுதுகிறார். பிறகு அடுத்த இஞ்சினைக் கழுவத் தொட்டிக்குத் திரும்பிவிடுகிறார்.

தொட்டி என்பது பாதியாக வெட்டிய இரும்புப் பீப்பாய். அதில் மண்ணெண்ணெய், பக்கத்தில் ஒரு கம்பிப் பிரஷ், பல் துலக்கி ஓய்ந்த பிரஷ்கள் மூன்று. ஆண்கள் போடுகிற முழுக்கைச் சட்டை, தூக்கிச் செருகிய கைலி, தலையில் வெள்ளைத் துண்டு. வயது கேட்டால் ஐம்பத்திரண்டு என்கிறார். "ஐ.சி.யில அப்படித்தான் போட்டுருக்கான்" என்று அந்தப் பொறுப்பையும் அடையாள அட்டை கொடுத்த அரசாங்கத்தின் தலையில் கட்டிவிடுகிறார்.

கிள்ளானிலிருந்து காப்பார் போகும் சாலையோரம் இருக்கிறது அந்தக் கடை. ஜப்பானில் ஓடி முடித்த கார்களை நடுவே வெட்டி, இஞ்சின் இருக்கும் முன்பாதியை மட்டும் கப்பலில் ஏற்றி அனுப்புகிறார்களே, அந்த 'ஆஃப் கட்' கடை. உள்ளே போனால் வால் இல்லாத கார்கள் வரிசையாக உங்களைப் பார்த்து விழிக்கும். பவுனம்மாளுக்கு அங்கே பத்தொன்பது வருடமாக ஒரே வேலை, இஞ்சின் கழுவுவது. இதை எழுதினால் அவர் பிழைப்புக்கு ஆபத்து வராதா என்று வாசகர்கள் பின்னால் கேட்கக்கூடும். வராது. அவர் பெயர் பவுனம்மாள் அல்ல, சாலையும் அந்தச் சாலை அல்ல. அவருடைய முதலாளியை இங்கே பழனியப்பன் என்று அழைக்கப்போகிறேன். அவர் பத்திரிகையில் நாலு நம்பர் லாட்டரி முடிவைத் தவிர வேறு எதையும் படித்ததாகச் சரித்திரம் இல்லை.

நான் அங்கே போனது என் மனைவியின் தயவால். பிரிக்ஃபீல்ட்ஸில் என் வீட்டு வாசலில் எழுபத்திரண்டாம் ஆண்டு டொயோட்டா கொரோல்லா ஒன்று நின்றது. நின்றது என்பதைக் கவனியுங்கள். அதன் சொந்த இஞ்சின் செத்த பிறகு, வேறொரு கடையில் பளபளப்பைப் பார்த்து மயங்கி ஒன்று வாங்கிப் போட்டேன். அது மூன்றே மாதத்தில், தைப்பூசத்தன்று, பத்துமலைக்குப் போகிற வழியில் உயிரை விட்டது. வெயிலில் லாரிக்காரர்கள் ஹார்ன் அடிக்க, மடியில் பால்குடத்துடன் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள் என் மனைவி மீனலோசனி. வீடு வந்ததும் தீர்ப்பு வந்தது.

"முருகனுக்கு எடுத்த பால் உங்கட காருக்குள்ள திரைஞ்சு போச்சு. இன்னொரு இஞ்சின் வாங்குங்கோ, நான் வேண்டாமெண்டு சொல்லேல்லை. அதுவும் நிண்டுதெண்டால் இரும்புக் கடைக்காரனைக் கூப்பிட்டுக் குடுத்திடுவன்."

அவள் சொன்னால் செய்வாள். என் கையிலும் ஒரு பழைய இஞ்சினுக்கும் அதைப் பிரித்துக் கோக்கிற கூலிக்கும் போதுமான பணந்தான் இருந்தது. இரண்டாவது தவறுக்கு இடமே இல்லை. பூச்சோங்கில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் கார்த்திகேசுதான் எனக்கு அதைக் கோத்துத் தருவதாக ஒப்புக்கொண்டவர். அவர் ஒரே ஒரு புத்திமதி சொன்னார். "காப்பார் ரோட்டு ஆஃப் கட் கடையில இஞ்சின் கழுவுற பவுனம்மா என்ன சொல்றாங்களோ அத எடுங்க சார். முதலாளி பேச்ச கேக்காதீங்க லா."

நான் போன நேரம் பவுனம்மாள் ஒன்றும் சொல்லவில்லை. கேட்டாலும் சிரித்துவிட்டுப் பிரஷைத் தேய்த்தார். எல்லாம் பழனியப்பனே பேசினார். முதலில் இரட்டை கேம் வைத்த ஓர் இஞ்சின் அழகியைக் காட்டினார். அதை வாங்கினால் கியர்பாக்ஸ், ரேடியேட்டர், வயரிங் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும், மனைவியையும் மாற்ற வேண்டிவரும் என்றேன். சிரித்துக்கொண்டே என் கொரோல்லாவுக்கு அப்படியே உட்காரக்கூடிய இரண்டு இஞ்சின்களிடம் அழைத்துப் போனார். ஒன்று வெள்ளிப் பெயிண்ட் அடித்து மின்னியது. மற்றது ஏதோ ஒரு வேனிலிருந்து இறக்கியது. கழுவியும் அதன் கறுப்பு போகவில்லை.

"இது பாருங்க பாஸ், கிலாட்டா மின்னுது. கண்ண மூடிட்டு எடுத்துட்டுப் போங்க. அந்த வேன் இஞ்சின் கெழடு லா."

மின்னியதன் மேல் சாக்பீஸால் 9939 என்று எழுதியிருந்தது. கிழட்டின் மேல் 5555. அது என்ன என்று கேட்டேன்.

"அது அக்காவோட நாலு நம்பரு. இஞ்சின தொட்டா அவங்களுக்கு நம்பரு வரும். நான் வாரா வாரம் எடுக்கிறேன்ல. ரெண்டு வாட்டி ஆறுதல் பரிசு விழுந்துச்சு" என்றார் பழனியப்பன், பக்தியோடு. அங்கே நின்ற லாரி ஓட்டுநர் ஒருவரும் 5555-ஐ உள்ளங்கையில் எழுதிக்கொண்டு போனார். நான் மட்டும் சளைத்தவனா? இரண்டையும் சட்டைப்பையில் குறித்துக்கொண்டு, வெள்ளி இஞ்சினுக்கு முன்பணம் கொடுக்கப் பையில் கையை விட்டேன்.

"தம்பி" என்றார் பவுனம்மாள், தொட்டியிலிருந்து தலையைத் தூக்காமல். "காரு இஞ்சினுக்கு எத்தன சிலிண்டரு?"

"நாலு அக்கா."

"பத்தொம்போது வருசமா கழுவுது, இப்பதான் அக்காவுக்கு டவுட்டு வந்துருக்கு" என்று பழனியப்பன் விழுந்து விழுந்து சிரித்தார்.

"சும்மா கேட்டேன் முதலாளி" என்று அவர் மறுபடியும் தேய்க்கத் தொடங்கினார்.

நான் பையில் விட்ட கையோடு அப்படியே நின்றேன். நாலு சிலிண்டர். நாலு எண். ஒன்பது, ஒன்பது, மூன்று, ஒன்பது. ஒவ்வொரு சிலிண்டருக்கும் பெருவிரலால் பரீட்சை வைத்து, ஒன்பதுக்கு இத்தனை என்று மார்க் போட்டு, பட்டப்பகலில் எல்லாரும் பார்க்க எழுதி வைத்திருக்கிறார் இந்த அம்மாள். நாங்கள் அதைக் கொண்டுபோய் லாட்டரிக் கடையில் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

சரி, மூன்றாவது சிலிண்டர் நொண்டி. ஆனால் கிழட்டுக்கு எல்லாமே ஐந்துதானே? நல்ல வேளையாக உள்ளே டெலிபோன் அடித்தது. முதலாளி ஓடினார். நான் தொட்டியருகே குனிந்தேன்.

"அக்கா, அஞ்சு கம்மியில்லையா?"

"நீங்க எப்படியும் பிரிச்சு ரிங்கு மாத்தப் போறீங்க. அஞ்சு தன்னால ஒம்போது ஆயிரும். அந்த மூணு என்னான்னு தொறந்தாத்தான் தெரியும், தொறந்தா அழுவீங்க." பிரஷ் நிற்கவே இல்லை. "நாலும் ஒன்னா தேஞ்சிருக்குன்னா அத யாரும் கொடுமை பண்ணல தம்பி. ஒம்போத காசு குடுத்து வாங்கிக்கலாம். ஒன்னா இருக்கறத எங்க போயி வாங்குவீங்க?"

நான் கிழட்டை வாங்கினேன். பழனியப்பன் என்னைப் பரிதாபமாகப் பார்த்து, கொஞ்சம் குறைத்தும் கொடுத்தார். நல்ல மனிதர். ஏமாற்றுக்காரர் இல்லை. பெயிண்டை அவரே உண்மையாக நம்புகிறார். அந்த வாரம் 9939-க்கு அவருக்கு இன்னோர் ஆறுதல் பரிசு விழுந்தது என்பதையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். என் 5555 எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

கார்த்திகேசு அந்த இஞ்சினைப் பிரித்த அன்று நான் கூடவே நின்றேன். அளவுகோலை ஒவ்வொரு சிலிண்டராக விட்டுப் பார்த்தார். நான்கும் ஒரே அளவு தேய்மானம். கிராங்க்கில் ஒரு கீறல் கிடையாது. "இத யாரும் தொறந்ததே இல்ல சார். ஜப்பான்காரன் பூட்டின மாரியே இருக்கு" என்றார். அவருடைய அளவுகோல் ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பிரித்துக் காட்டும். பவுனம்மாளிடம் இருந்தது ஒரு பெருவிரல்.

அதற்குப் பிறகுதான் ஒரு மத்தியானம், கடைக்கு எதிரே இருக்கும் ஒட்டுக்கடையில் அவரோடு உட்கார்ந்து பால் கலக்காத தே ஓ குடிக்க வாய்த்தது. ஆரம்பத்தில் வாயைத் திறந்துதான் சொல்லிக்கொண்டிருந்தாராம். ஒரு வாடிக்கையாளரிடம் "இது வேணாங்க" என்று சொல்லி அந்த வியாபாரம் போய்விட்டது. "கழுவுறதோட நிறுத்திக்க, வாயத் தொறந்தா வேலை இல்லன்னுட்டாரு முதலாளி. சரி, வாயத் தொறக்கக் கூடாதுன்னுதானே சொன்னாரு?" என்றார். அதனால் எழுத ஆரம்பித்தார். அதைப் பார்த்து லாட்டரி நம்பர் என்று முடிவுகட்டியது முதலாளியேதான். இவர் மறுக்கவில்லை.

யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டேன். யாரும் இல்லை. பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் பிரிக்கும் இஞ்சின்களின் சாமான்களும் இவருடைய தொட்டிக்குத்தான் கழுவ வரும். வெளியே விரலால் தான் போட்ட எண்ணை மனதில் வைத்திருந்து, பிரித்து வரும்போது உள்ளே பார்ப்பார். தப்பாக இருந்தால் விரலைத் திருத்திக்கொள்வார். "மொத ரெண்டு வருசம் எல்லாம் தப்பு. அப்புறம் வெரலுக்குப் புரிஞ்சிருச்சு." பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புவரை இருந்தவர் இவர். நான் பதினாறு வருடம் படித்தவன், பெயிண்டைப் பார்த்து இஞ்சின் வாங்கினேன்.

"தெரியாதவங்க ஏமாந்து போறாங்களே அக்கா, பாவம் இல்லையா?"

கிளாஸைக் கீழே வைத்தார். முதல் தடவையாக முகம் கொஞ்சம் கடுத்தது. "எழுதித்தான் வச்சிருக்கேன். படிக்கிறவங்க படிக்கட்டும்."

போன மாதம் காரை அவரிடம் காட்டக் கொண்டுபோனேன். மீனலோசனியும் வந்தாள். மூன்று மாதமாக அந்த இஞ்சின் ஒரு நாள்கூடத் தும்மவில்லை. ஆனாலும் அவள் நம்பவில்லை. ஒவ்வொரு சிக்னலிலும் கதவின் கைப்பிடியைப் பிடித்துக்கொள்வாள், நின்றதும் இறங்கிவிடத் தயாராக. இரும்புக் கடைக்காரரின் டெலிபோன் எண் அவளுடைய கைப்பையில்தான் இருந்தது, எனக்குத் தெரியும். கடை வாசலில் நான் இஞ்சினை அணைக்காமல் பானெட்டைத் திறந்தபோதும் அவள் காரைவிட்டு இறங்கவில்லை.

பழனியப்பன் வந்து பார்த்துவிட்டு, "கெழடு ஓடுதே லா!" என்று வாயைப் பிளந்தார். பக்கத்திலேயே நின்றுகொண்டார். பவுனம்மாள் இஞ்சினை ஒரு பார்வை பார்த்தார், பிறகு கண்ணாடி வழியாக என் மனைவியைப் பார்த்தார். குழாயடிக்குப் போய், சோப்புப் போட்டு முழங்கைவரை கழுவிக்கொண்டு வந்தார். கதவைத் திறந்து, மீனலோசனியின் கையைப் பிடித்து இறக்கி, முன்னால் கூட்டிவந்தார். ஓடிக்கொண்டிருந்த இஞ்சினின் ஏர் கிளீனர் மூடியின் மேல் அந்தக் கையை விரித்து வைத்து, நாலும் ஒன்றாக அதிர்வது தெரியும்வரை அது விலகாதபடி தன் கையை அதன் மேல் வைத்து அழுத்திக்கொண்டார்.