ராட்டினம் நின்ற இடங்கள்

மின்விசிறி கிரீச்சிட்டால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எழுபதுகளில், ஆரணி வீட்டில், நான் பட்டுநூல் சுற்றிய ராட்டினத்தின் சத்தம் அது. என் கையில் ஒட்டிய நூல்சாயம் பட்டால் தம்பியின் நோட்டு பாழாகிவிடுமாம். அதனால் அவன், தான் எழுதிய ஆங்கில வாக்கியங்களை எனக்கு வாசித்துக் காட்டுவான், தப்பு வந்த இடத்தில் ராட்டினத்தை நிறுத்தித் திருத்தம் சொல்வேன்.

“ஏன்டி நிக்குது? ஜல்தி சுத்துடி!” என்று தறியிலிருந்து அம்மா கத்துவாள். தப்பு செய்தவனுக்கு வாத்தியார் ‘வெரி குட்’ போடுவார். திட்டு மட்டும் எனக்கு.

எட்டாவதோடு எனக்குப் பள்ளிக்கூடம் போதும் என்று அப்பா சொன்ன அன்றும் அவன் தப்புத் தப்பாக வாசித்தான். நான் ஓரிடத்திலும் நிறுத்தவில்லை.

“இன்னிக்குத்தான் ஒழுங்கா சுத்திகினு கீறா” என்றாள் அம்மா.