ஆணியில் ஒரு காப்பு, அம்மா கையில் ஒரு காப்பு

என் அம்மாவை அந்த வீட்டுக்குள் அடைத்து வைத்திருப்பது நீங்கள்தான். அந்தப் படம் இல்லை. அது மந்திரப் படம், ஆளைப் பிடித்து வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ளும் என்று வீடியோவில் சொல்கிறீர்களே, அது பொய். பொய் என்று உங்களுக்கும் தெரியும்.

நான் ஏற்காட்டில் ஒரு லாட்ஜில் அறை கூட்டுகிறேன். விரிப்பு மாற்றுவதும் குளியலறை கழுவுவதும் என் வேலை. நாகலூர் தாண்டிக் காபித் தோட்டத்துக்கு நடுவில் இருக்கும் பழைய பங்களாவை நீங்கள் சென்னையிலிருந்து வந்து வாங்கி, ஊர் பார்க்க வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட்டீர்கள். சமைக்கவும் வீட்டைப் பார்த்துக்கொள்ளவும் ஆள் கேட்டீர்கள். அம்மாவைக் கொண்டுவந்து விட்டது நான்தான். எஸ்டேட்டில் காபிப் பழம் பறித்துப் பறித்து அவள் முதுகு போயிருந்தது. கூரைக்குக் கீழே செய்கிற வேலை, கொஞ்சம் உட்காரலாம் என்று நினைத்தேன்.

படத்தை மாட்டிய அன்று நானும் அங்கே இருந்தேன். ஆள் உயரப் படம். அதில் அதே பங்களா, அதே ஓட்டுக் கூரை, முன்னால் சில்வர் ஓக் மரங்கள், பனி. ஜன்னல்களில் சின்னச் சின்ன முகங்கள். இந்த வீட்டுக்குள் வந்து வெளியே போக முடியாமல் போனவர்கள் என்று எங்களிடம் சொன்னீர்கள். சேலத்தில் ஆள் பிடித்து வரைந்து வாங்கிய படம் அது. ஏற்றி வந்த வண்டிக்காரரே எனக்குச் சொல்லிவிட்டார். நான் சிரித்துவிட்டு விட்டுவிட்டேன்.

அதற்கு முந்தின வாரம்தான் எங்கள் ஊர் மாரியம்மன் நோம்பித் திருவிழா முடிந்திருந்தது. கோயிலில் காப்புக் கட்டிவிட்டால், நோம்பி முடிகிற வரை நாங்கள் யாரும் ராத்திரி வெளியூரில் தங்க மாட்டோம். எவ்வளவு அவசரம் என்றாலும் பொழுது சாய ஊர் திரும்பிவிடுவோம். கட்டினவர் கையால்தான் அதை அவிழ்க்க வேண்டும், மீறினால் குடும்பத்துக்கு ஆகாது என்பார்கள். நீங்கள் நோம்பிக்கு வந்தீர்கள், நின்று எல்லாவற்றையும் விசாரித்தீர்கள். அதைக் கொண்டுபோய் வீட்டில் வைத்துச் செய்தீர்கள். மஞ்சள் துண்டு கட்டிய நூல் ஒன்றைப் படம் மாட்டிய ஆணியில் கட்டினீர்கள். இன்னொன்றை அம்மாவின் கையில் கட்டினீர்கள்.

"நான் அவிழ்க்கிற வரைக்கும் நைட் வேற எங்கேயும் தங்கக்கூடாது. சரியாம்மா?"

"சரிங்க" என்றாள் அம்மா.

ஆள் ஓடிப்போகாமல் இருக்க இது நல்ல வழி என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும். மூன்று வருடம் ஆகிவிட்டது. எத்தனையோ முறை வந்தீர்கள், போனீர்கள். ஒருமுறை அம்மாவே கையை நீட்டிக் கேட்டாளாம். "இருக்கட்டும்மா, கெஸ்ட்டுக்கெல்லாம் பிடிச்சிருக்கு" என்றீர்களாம். நூல் நைந்தபோது அதை எடுக்காமல் மேலேயே புது நூலைச் சுற்றிக்கொண்டாள். இப்போது அது அடுப்புக் கரி ஏறி, கறுத்த தடிமனான வளையமாகக் கிடக்கிறது.

என் மகள் கல்யாணம் சேலத்தில் நடந்தது. முகூர்த்தத்துக்கு வந்த அம்மா, இலையில் பாதிச் சோற்றை வைத்துவிட்டு எழுந்து பஸ்ஸுக்குப் போனாள். சம்பந்தி வீட்டார் கோபித்துக்கொண்டார்கள். நான் என்ன சொல்வது?

நானும் யோக்கியம் இல்லை. லாட்ஜில் தங்குகிறவர்கள் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டால், "நாகலூர்ப் பக்கம் ஆளைப் புடிக்கிற படம் ஒண்ணு இருக்குதுங்க, போய்ப் பாருங்க" என்று சொல்லியிருக்கிறேன். தனியாகக் கிடக்கிறவளுக்குப் பேச நாலு பேர் வரட்டும் என்று சொன்னேன். சொன்னது சொன்னதுதான்.

போன ஐப்பசியில் அம்மாவைக் கண் முகாமுக்கு அழைத்துப் போனேன். இரண்டு கண்ணிலும் புரை. வலது கண்ணில் முற்றி வெள்ளையாகிவிட்டது. சேலத்தில் இரண்டு ராத்திரி தங்கினால் ஆபரேஷன் செய்து அனுப்பிவிடுவோம், தள்ளிப் போட்டால் அந்தக் கண் மிஞ்சாது என்றார் டாக்டர். அம்மா மரியாதையாகக் கேட்டுக்கொண்டாள். வெளியே வந்ததும் "பொழுதோட திருப்பி அனுப்புவாங்களான்னு கேளு கண்ணு" என்றாள். அனுப்ப மாட்டார்கள் என்றேன். "அப்ப வேண்டாம்" என்று பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பங்களாவுக்குப் போனேன். ஊர் பார்க்க வந்தவர்கள் நாலு பேர் ஹாலில் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். சப்பாத்தி மாவுக் கையோடு அம்மாவைப் படத்துக்குக் கீழே நிறுத்தியிருந்தார்கள்.

"நீங்க வெளிய போனதே இல்லையாம்மா?"

"போனா உங்களுக்கு டீ யாரு வெப்பாங்க சாமி?"

எல்லோரும் சிரித்தார்கள். ஒரு பெண் பக்கத்தில் இருந்தவளிடம் மெதுவாகச் சொன்னாள்: "கண்ணைப் பாரேன். படத்தையே பார்த்துப் பார்த்துதான் வெள்ளையாப் போச்சாம். அந்த வீடியோவில சொன்னாரே."

வீடியோவில் சொன்னவர் நீங்கள். அன்று பஸ்ஸில் திரும்பும்போதுதான் அதை முழுசாகப் பார்த்தேன். என் அம்மாவின் புரை உங்களுக்கு விளம்பரம்.

பஸ் ஏறுவதற்கு முன், அந்த நாலு பேரும் போன பிறகு, படத்தைக் கிட்டே போய்ப் பார்த்தேன். சமையல்கட்டு ஜன்னலில் புதிதாக ஒரு முகம். பச்சைச் சேலை, மூக்குத்தி. அம்மா.

"அது போன மாசம் வந்துச்சு. நான் தூசி தட்டப் போனேன், அங்க நின்னுட்டு என்னையே பார்க்குது" என்றாள். குரலில் பயம்கூட இல்லை. பக்கத்து வீட்டுக்காரியைச் சொல்வதுபோலச் சொன்னாள்.

ஸ்டூல் போட்டு ஏறினேன். மற்ற முகங்களெல்லாம் காய்ந்து இறுகியிருந்தன. பச்சைச் சேலை மட்டும் இந்தப் பனிக்கு இன்னும் பிசுபிசுவென்று இருந்தது. நகத்தால் சுரண்டினேன், நகம் பச்சையானது. அவளுக்கு நிறம் சரியாகத் தெரியாது என்று கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்க் காட்டினேன்.

"பாருங்கம்மா. பெயிண்ட்டு. ஆள் வெச்சு வரைஞ்சிருக்காங்க."

"இருந்துட்டுப் போகுது. படத்துக்கா நான் பயந்துட்டு இருக்கறேன்?"

"அப்புறம் என்னங்கம்மா?"

காப்புக் கட்டிய கையைத் தூக்கிக் காட்டினாள். அதிலேதான் எனக்குப் புத்தி வந்தது. படம் பொய் என்று காட்டிவிட்டால் போதும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சமையல்கட்டிலிருந்து கத்திரிக்கோலை எடுத்து வந்தேன்.

"கையை நீட்டுங்க. அறுத்துப் போடறேன்."

"கட்டுனவங்க அவுக்கோணும் கண்ணு."

"வெறும் நூலுங்கம்மா அது!"

"தாலியும் நூலுதான்." கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். "உன்ற புள்ள மாசமா இருக்கறா. நீ அறுத்து, அவளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா? எனக்குக் கண்ணு போனாப் போகுது, போ."

கத்திரிக்கோல் என் கையில்தான் இருந்தது. அவளைப் பிடித்து அறுத்திருக்கலாம். எனக்கு வலு இருக்கிறது. மகள் வயிறு ஞாபகத்துக்கு வந்தது, நான் அறுக்கவில்லை. உங்கள் மேல் இருக்கிற ஆத்திரத்தில் பாதி அதுதான். எல்லாம் தெரிந்த என் கையையும் கட்டிவிட்டீர்கள்.

உங்களுக்குப் போன் செய்தேன். "அவங்களா நம்பறாங்க, நான் என்ன பண்றது? கதவு திறந்துதானே இருக்கு?" என்று கேட்டுப் போனை வைத்துவிட்டீர்கள். அதற்கப்புறம் என் நம்பரை எடுப்பதில்லை. இப்போதெல்லாம் அம்மா டம்ளரைத் தடவித்தான் எடுக்கிறாள்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். அடுத்த முகாம் பொங்கல் கழிந்து. அதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பகலில், ஜனம் நிற்கிற நேரத்தில் நாகலூர் பஸ் ஸ்டாப்புக்கு வாருங்கள். அம்மாவைக் கூட்டி வருகிறேன். அந்தக் காப்பை உங்கள் கையால் அவிழுங்கள். படத்தை யார் வரைந்தார்கள், அம்மாவின் முகத்தை யார் சொல்லி அதில் சேர்த்தார்கள், அவள் கண் ஏன் வெள்ளையானது, மூன்றுக்கும் அங்கே நின்று பதில் சொல்லுங்கள். வீடியோ எடுக்கிற அதே போனைக் கொண்டுவந்து, அதைப் பார்த்தே சொல்லுங்கள்.

வருவீர்களா, மாட்டீர்களா? எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்லுங்கள்.