பட்டியலில் விடுபட்ட தோல்வி

இரண்டாம் பொதுத் தேர்தல் சமயத்தில், ராயபுரத்தில் எங்கள் பார்லிமெண்டு உறுப்பினரின் அலுவலகத்தில் டைப்பிஸ்டாக இருந்தேன். பெண்ணுக்குச் சொத்தில் பங்கு கொடுத்தால் குடும்பம் குலையும் என்று பேசியவர் அவர். அந்தப் பேச்சை ஒரு பிழையும் இல்லாமல் டைப் அடித்தவள் நான்.

அவர் இதுவரை நின்ற தேர்தல்களை வரிசையாகப் போட்டு ஒரு நோட்டீஸ் தயாரிக்கும்படி அவருடைய ஏஜெண்டு சொன்னார். பட்டியல் போடுவது எனக்குப் பிடித்த வேலை. ஐந்து தேர்தல், ஐந்து வரி: ஆண்டு, இடம், முடிவு. நான்கில் வெற்றி. மூன்றாவது மட்டும், சுதந்திரத்துக்கு முன் கொருக்குப்பேட்டையில் கார்ப்பரேஷனுக்கு நின்றது, தோல்வி. பட்டியலுக்கு அது அழகாக இல்லை என்று பட்டது. ஸ்டென்சிலில் தப்பை மறைக்கும் சிவப்பு மருந்தை எடுத்து அந்த வரியின்மேல் பூசினேன். கீழே இருந்த எண்களையும் மாற்றினேன். சைக்ளோஸ்டைல் மெஷினில் ஆயிரம் பிரதி ஓடியது.

அந்தத் தோல்வியில் நைனாவின், அதாவது என் அப்பாவின், பங்கு எனக்குத் தெரியாததல்ல. அவர் கூட்ஸ் யார்டில் வேகன் எண்களைக் குறிப்பவர். அந்தக் காலத்தில் வரி கட்டுகிறவர்களுக்குத்தான் ஓட்டு, நைனாவுக்குக் கிடையாது. ஆனாலும் ஷிஃப்ட் முடிந்ததும் வீடு வீடாக ஏறி இறங்கி, எதிர்த்து நின்ற தொழிற்சங்கக்காரரை ஜெயிக்க வைத்தார். வாழ்க்கையில் ஜெயித்ததாக அவர் சொல்லிக்கொண்டது அது ஒன்றைத்தான்.

நோட்டீஸ் எங்கள் தெருவுக்கும் வந்தது. நைனா விரலை வைத்து வரி வரியாகப் பார்த்தார்.

"இன்னாம்மா, நடுவுல ஒரு வேகன் காணோம்? இடம் மட்டும் காலியா கீது."

நான் அடுப்பைப் பார்க்கத் திரும்பினேன்.

"எட்த்துடச் சொல்லி அவுரு சொன்னாரா?"

"இல்ல நைனா. நானாத்தான்."

மறுநாள் ஏஜெண்டிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். "அட, ஐயா மேடைக்கு மேடை அந்தத் தோல்வியைத்தாம்மா மொதல்ல சொல்லுவார். உன்னை யாரு கேட்டது?"

யாரும் கேட்கவில்லை. இன்றைக்கும் என் முகம் சுடுவது அதனால்தான்.

சாயங்காலம் வீட்டிலிருந்த நோட்டீஸை எடுத்து, காலியாக விட்ட இடத்தில் அந்த வரியை மையால் எழுதினேன். எண்களையும் சரி செய்து நைனாவிடம் நீட்டினேன்.

"மொத்தம் எத்தினி போட்டே?"

"ஆயிரம்."

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இதுல கீது. மத்ததுல?"

மடித்து என் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு ஷிஃப்டுக்குக் கிளம்பினார்.