ஜவ்வரிசிக் களத்தில் எடுத்த போட்டோ

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பெரிய பேனர் வைக்கப்போகிறோம், வெள்ளிக்கிழமைக்குள் எல்லோரும் நல்லதாக ஒரு புது போட்டோ எடுத்துக் கொடுத்துவிடுங்கள் என்று என் மகள் வேலை பார்க்கும் பயிற்சி மையத்தில் சொல்லிவிட்டார்கள். வங்கித் தேர்வு எழுதுகிறவர்களுக்கு அவள் அங்கே கணக்கு சொல்லிக்கொடுக்கிறாள். செய்தியைக் கேட்டதும் நான் சொன்னது இதுதான்: "பழைய போட்டோ ஒண்ணு இருக்குதே, அதையே குடுத்துடு."

அவள் தட்டிலிருந்து நிமிராமல் கேட்டாள். "அத பாத்துட்டு வர்ற புள்ளைங்க, இந்த மூஞ்சிய பாத்து நீங்க யாருன்னு கேட்டா?"

எட்டு மாதத்துக்கு முன் கல்வராயன் மலையிலிருந்து ஸ்கூட்டரில் இறங்கி வரும்போது, ஒரு வளைவில் சரளைக்கல் சறுக்கி விழுந்தோம். ஓட்டியது நான். எனக்கு முழங்கையில் சிராய்ப்பு. பின்னால் உட்கார்ந்திருந்த அவளுக்கு இடது கன்ன எலும்பிலிருந்து தாடை வரைக்கும் பதினொரு தையல். கண் தப்பியது, பல் தப்பியது என்று பார்க்க வந்தவர்கள் ஆறுதல் சொன்னார்கள். நானும் தலையாட்டினேன். ஆனால் அன்றிலிருந்து ஸ்கூட்டர் சாவி பீரோவுக்குள் இருக்கிறது. சங்கராபுரத்தில் இருக்கும் என் அலுவலகத்துக்கு பஸ்ஸில்தான் போகிறேன். பஸ் திரும்பும்போதுகூட முன்சீட்டுக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறேன்.

போட்டோகிராபர் எங்கள் பக்கத்துக் கல்யாணங்களை எல்லாம் எடுப்பவர். என் வயதுதான். ஸ்டுடியோவுக்குள் எடுத்தால் அடையாள அட்டைக்கு எடுத்தது மாதிரி ஆகிவிடும், வெளியே நல்ல இடமாகப் பார்ப்போம் என்றார்.

"மலைமேல அருவிகிட்ட போலாமா சார்? சூப்பரா இருக்கும்."

"மலை வேணாம்."

"சரி, ரோட்டோரமா நெல்லு வயலு?"

"ரோடும் வேணாம்."

"இன்னா சார் நீங்க. பேசாம ஆஸ்பத்திரி வாசல்ல வெச்சு எடுத்துடலாமா? உங்களுக்கு அதான் தோதுப்படும்."

மகள் சிரித்துவிட்டாள். கடைசியில் மலை அடிவாரத்தில் கோமுகி அணைப் பூங்கா என்று முடிவானது. அதுவரைக்கும் போக நான் சம்மதித்தேன். அவருடைய பழைய ஆம்னி வேனில் கிளம்பினோம். நான் முன்சீட்டில் உட்கார்ந்து, என் காலடியில் இல்லாத பிரேக்கை வழி நெடுக மிதித்துக்கொண்டே வந்தேன். கொஞ்ச தூரம் பொறுத்துப் பார்த்தவர், "சார், என் பக்கம் நிஜமாவே ஒண்ணு இருக்குது. நான் பாத்துக்கறேன்," என்றார்.

பூங்காவில் இறங்கியதும் இடம் காட்டும் வேலையை நானே எடுத்துக்கொண்டேன். முதலில் ஒரு புங்கமரத்தடியைக் காட்டினேன், நல்ல அடர்ந்த நிழல். பிறகு ஒரு தூண், அதில் இடது பக்கமாகச் சாய்ந்து நிற்கலாம். அதற்குப் பிறகு ஒரு சிமெண்ட் பெஞ்ச், அதில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்ப்பது போல முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். எனக்கு இந்தக் கலை கைவந்துவிட்டது என்றுகூட ஒரு நினைப்பு வந்தது. போட்டோகிராபர் ஒவ்வொரு இடத்திலும் இரண்டு படம் எடுத்து, கேமராவைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"மொகத்துல எல எலயா நெழல் வுழுது." பிறகு என்னைத் தனியாகத் தள்ளிக்கொண்டு போய்க் குரலைத் தாழ்த்தினார். "சார், நீங்க எடம் பாக்கறீங்களா, மறைப்பு பாக்கறீங்களா?"

பதிலுக்குக் காத்திருக்காமல், "நெழலே இல்லாத எடம் ஒண்ணு எனக்குத் தெரியும், வண்டில ஏறுங்க," என்றார்.

சின்னசேலம் போகும் வழியில் ஒரு ஜவ்வரிசி ஆலை. ஆலை முதலாளி வீட்டுக் கல்யாணத்தை எடுத்தவர் என்பதால் கேட்டில் யாரும் எங்களைத் தடுக்கவில்லை. உள்ளே சிமெண்ட் களம். கண்ணுக்கு எட்டியவரை வெள்ளையாக ஜவ்வரிசி காய்ந்துகொண்டிருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு, பரப்பியதற்கு இடையே விட்டிருந்த பாதையில் நடந்தோம். வெயில் மேலிருந்தும் வந்தது, தரையிலிருந்தும் வந்தது. "கீழருந்து வர்ற வெளிச்சத்துக்கு நான் ரெண்டு ஆள வெச்சு தெர்மாகோல் புடிக்கணும். இங்க சும்மா கெடக்குது பாருங்க," என்றார் போட்டோகிராபர், அந்த ஆலையே தன்னுடையது போல.

பலகையால் ஜவ்வரிசியைக் கிளறிக்கொண்டிருந்த பெண்கள் வேலையை நிறுத்தினார்கள். "யாருப்பா அது, புது ஹீரோயினா?"

"கணக்கு டீச்சரு, அக்கா," என்றார் போட்டோகிராபர்.

"கணக்கு டீச்சரா? அப்ப இங்க எத்தினி ஜவ்வரிசி கெடக்குதுன்னு எண்ணிச் சொல்லச் சொல்லு."

"நீங்க கெளறாம இருந்தா எண்ணிடுவேன்க்கா," என்றாள் மகள்.

அவளைக் களத்தின் நடுவே நிறுத்திவிட்டு, "எந்தப் பக்கம் பாப்பா திரும்பறே?" என்று போட்டோகிராபர் கேட்டார்.

"எங்கப்பாவக் கேளுங்க. எட்டு மாசமா ரைட் சைடுலயே வந்து குந்திக்கினு இருக்காரு. லெஃப்ட்டு எப்படி இருக்குதுன்னே அவருக்குத் தெரியாது."

கோபமாகச் சொல்லவில்லை, கிண்டலாகத்தான் சொன்னாள். அவளுக்குத் தெரியாது என்று நினைத்திருந்தேன். சாப்பிடும்போது, டிவி பார்க்கும்போது, பஸ்ஸில் போகும்போது என்று எப்போதும் அவளுக்கு வலது பக்கமாகத்தான் இடம் பிடித்திருக்கிறேன். நான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்துக் காற்று திரும்பியது. ஆலைக்குப் பின்னால் தேங்கியிருந்த, மரவள்ளிக் கிழங்கு அரைத்த கழிவுத் தண்ணீரின் புளித்த நாற்றம் மொத்தமாக வந்து முகத்தில் அடித்தது. எனக்குக் குமட்டிவிட்டது. மூக்கைப் பிடித்துக்கொண்டு, வெயிலில் சுட்ட தரையில் கால் மாற்றி மாற்றிக் குதித்தேன்.

"இன்னா சார் ஆடறீங்க? எங்களுக்கு இது சென்ட்டு மாதிரி!" என்று ஒரு பெண் கத்தினாள்.

மகள் வாய்விட்டுச் சிரித்தாள், என்னை நேராகப் பார்த்து. நானும் அவளை நேராகப் பார்த்தேன். ஒதுங்கிக்கொள்ள அந்தக் களத்தில் ஒரு தூண்கூட இல்லை. கன்னத்தில் அந்தக் கோடு இளஞ்சிவப்பாக, தாடைக்குப் பக்கத்தில் கொஞ்சம் வளைந்து இருந்தது. அவள் சிரிக்கச் சிரிக்க அதுவும் கூடவே அசைந்தது. நான் மனதில் வைத்திருந்ததைவிட மெல்லியதுதான். போட்டோகிராபர் நிறுத்தாமல் எடுத்துக்கொண்டே இருந்தார்.

அந்தச் சிரிப்பைத்தான் அவள் தேர்ந்தெடுத்து அனுப்பினாள்.

மறுநாள் பிளெக்ஸ் கடையிலிருந்து போன் வந்தது. பெயரும் பட்டமும் சரியாக இருக்கிறதா என்று யாராவது வந்து பார்த்துவிட்டால் அச்சுக்குப் போய்விடும் என்றார்கள். அலுவலகம் விட்டு வரும் வழியில் நான் இறங்கிப் போனேன். டிசைன் செய்யும் பெண் கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினாள். மூன்று ஆசிரியர்கள். மகள் ஓரத்தில் இருந்தாள், கன்னம் சோப்பு விளம்பரம் மாதிரி வழவழவென்று இருந்தது.

"நல்லா சுத்தம் பண்ணிக் குடுத்திருக்கேன் சார்," என்றாள் அந்தப் பெண்.

நான்கு நாளைக்கு முன்னால் என்றால் அவளுக்குக் கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன். "எடுத்தத திரும்பப் போட்டுடும்மா," என்றேன்.

"எத சார்?"

வீட்டில் நாங்கள் அடிபட்ட இடம் என்றுதான் சொல்வோம். "தழும்ப," என்றேன்.

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "எல்லாரும் கலர் ஜாஸ்தி பண்ணுங்க, மரு எடுங்கன்னுதான் கேப்பாங்க. அப்புறம் வந்து சத்தம் போடக் கூடாது சார்." ஏதோ ஒரு பட்டனைத் தட்டினாள். கோடு அதன் இடத்துக்கு வந்து உட்கார்ந்தது.

நான் எழுந்திருக்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். "மொகம் கொஞ்சம் சின்னதா இருக்குதேம்மா. பெருசு பண்ண முடியுமா?"

"பக்கத்துல ரீசனிங் சார் நிக்கறாரு. அவர எங்க தள்றது?"

"கொஞ்சம் நகந்துக்கச் சொல்லு," என்றேன்.